தீவின் மேல் ஒரு புள்ளி

கடற்கரைச் சாலையின் முனையிலிருந்த ஸ்டூடியோவில் படம் எடுப்பவர் கணவர். எடுத்த படத்தைக் கணினியில் திருத்துபவள் மனைவி. முகத்துப் பருவையும், பழைய தழும்பையும், கல்யாணப் படத்தின் ஓரத்தில் வாயைப் பிளந்து நிற்கும் பங்காளியையும் சுவடு தெரியாமல் அழித்துக் கொடுப்பாள் என்பதால், ஊரார் அவளுக்கு ரப்பர் அக்கா என்று பெயர் வைத்திருந்தனர். அப்பெயரை அவள் வெறுத்ததில்லை. தொழிலுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா என்று தானே சொல்லிச் சிரிப்பாள்.

அன்று முற்பகலில் படகோட்டியின் மனைவி உள்ளே வந்தபோது, படம் பிடித்துக்கொள்ள வந்திருக்கிறாள் என்றெண்ணி, ரப்பர் அக்கா முக்காலியைத் துடைத்துப் போட்டாள். வந்தவள் உட்காரவில்லை.

"துறைமுகத்துல மாட்டியிருக்கிற பெரிய படம் நீங்க செஞ்சதுதானே அக்கா?"

"ஆமாம். எங்க வீட்டுக்காரர் எடுத்தது."

"அதை எறக்கிடச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதன்பின் அவள் நின்றவாறே சொல்லியவற்றுள் பாதி ஊரறிந்தது. துறைமுகத்திற்கு எதிரே, அலைதடுப்புச் சுவருக்கு அப்பால், ஒரு சிறு தீவு உண்டு. காற்றும் மழையுமான நாள்களில் அங்கே தொலைபேசி எட்டாது. அவசரமாகப் படகு வேண்டுவோர் கூரைக் கம்பத்தில் காற்றுக்கு அணையாத கூண்டு விளக்கேற்றி வைப்பர். சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், அங்கே தனியே வாழ்ந்த தையற்காரரின் அக்காள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டே விளக்கை ஏற்றினாள். படகோட்டி கரையில் நின்று கடலைப் பார்த்தார். படகு போகாது என்றார். விடியலில் கடல் சற்றே தணிந்தவுடன் போனவர், அவள் உடலைத்தான் கொண்டுவந்தார். தையற்காரர் அன்று வெளியூரில் இருந்தார். மறுநாள் வந்தவர், படகோட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, கடல் விடாததற்கு நீ என்ன செய்வாய் மச்சான் என்றுதான் அழுதார். அக்காளும் தம்பியும் படகோட்டியும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள்.

பிறகுதான் துறைமுகத்தில் புதிய காத்திருப்புக் கூடம் கட்டப்பட்டது. அதன் சுவர் முழுவதும் ஒரு படம்: பொன்னிற வானம், பால்போல் அசையாத கடல், தொலைவில் தீவு. கீழே எடுத்த நாள் பொறிக்கப்பட்டிருந்தது. அக்காள் விளக்கேற்றிய அந்நாளைத் தையற்காரர் மறக்கக் கூடியவர் அல்லர். கூடம் நிறைய ஆள்கள் இருக்க, படகோட்டியைத் தோளைப் பிடித்து இழுத்துவந்து படத்தின் முன்னே நிறுத்தி, இந்தக் கடலுக்கா பயந்தாய் என்று கேட்டார். தீர விசாரித்துப் பேசும்படி ஒருவர் சொன்னதற்கு, கண்ணால் பார்த்ததற்கு மேல் என்ன விசாரணை என்றார். கடலோரத்தில் வாழ்வோர் கொந்தளிப்பைப் பலமுறை கண்டவர்கள். எந்த நாளில் எந்தக் கடல் என்பது ஓராண்டு கழித்து எவருக்கு நினைவிருக்கும்? படம் சொன்னதே நிலைத்தது. படகோட்டியின் படகில் ஏறுவோர் குறைந்தனர்.

"ஊர் பேசுறது கெடக்கட்டும் அக்கா" என்றாள் அவள். "இவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை கடல் நல்லாத்தான் இருந்துதோ, நான்தான் பயந்துட்டேனோன்னு கேக்குறாரு. என்கிட்ட கேட்டா நான் என்ன சொல்லுவேன்? நான் அன்னிக்கு அடுப்படியில இருந்தேன்."

அவள் போனபின் ரப்பர் அக்கா நெடுநேரம் முக்காலியையே பார்த்திருந்தாள். பின்னர்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு, பழைய கோப்புகளுள் அம்மாலையின் மூலப்படத்தைத் தேடித் திறந்தாள்.

திறந்ததும் அவளுக்கு முதலில் ஏற்பட்டது ஏமாற்றமே. மூலப்படத்திலும் கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஒரு கணம், படகோட்டி உண்மையிலேயே அஞ்சிவிட்டாரோ என்று அவளுக்கே தோன்றிற்று. அதன்பின் படத்தின் விவரத்தைப் பார்த்தாள். கணவர் காமிராக் கண்ணாடிக்கு முன்னே கறுப்பு வடிகட்டியைப் பொருத்தி, காமிராவின் கண்ணை அரை நிமிடம் திறந்தே வைத்திருந்தார். அவ்வளவு நேரத்தில் ஆயிரம் அலை எழுந்து விழுந்தாலும், படத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து பால்வெளியாகிவிடும். கடல் தன் சாட்சியத்தைத் தானே அழித்திருந்தது.

ஆனால் அவள் அழித்தவை வேறு இருந்தன. ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவு வந்தது. நினைவு வரவரக் கை மவுஸை விட்டு விலகியது.

மாலை கணவர் வந்ததும் திரையைக் காட்டினாள். அன்றைய கடல் எப்படி இருந்தது என்று கேட்டாள். அவர் மறைக்கவில்லை. காற்றில் காமிராவின் முக்காலி நிற்காமல், கற்களைப் பையிலிட்டுக் கட்டித் தொங்கவிட்டதையும், அப்படியும் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றதையும் சொன்னார். படகோட்டியின் கதை அவர் காதிலும் விழுந்திருந்தது, விழுந்ததைத் தட்டிவிட்டிருந்தார்.

"திருத்தின படம்னு தெரிஞ்சா துறைமுகத்துக்காரங்க அடுத்த வேலை குடுப்பாங்களா? யோசிச்சுப் பாரு."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்க. நாம ஒரு கடலையே மறைச்சிருக்கோங்க."

அவர் சட்டைப் பித்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். இறுதியில், மூலப்படத்தை அச்சிட்டுத் தையற்காரரிடம் கொடுத்துவிடலாம் என்றார். அவள் இசையவில்லை. அச்சிட்டதைக் கொடுத்தால், இதுவும் ரப்பர் அக்காவின் கைவேலைதானே என்று அவர் கேட்பார், கேட்பதும் நியாயமே. பூசியதை அவர் கண்முன்னே கழுவ வேண்டும் என்றாள்.

மறுநாள் பிற்பகல் தையற்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிற்று. படகோட்டியும் அழைக்கப்பட்டிருக்கிறார் என்பதை அறிந்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். படக்காரரான கணவர் வாசலை அடைத்தாற்போல் நின்று, அண்ணே, ஒரு கால்மணி நேரம் என்றார். படகோட்டி சுவரோரம் நின்றார், தரையைப் பார்த்தார். இருவருக்கும் இடையே முக்காலி மட்டும் இருந்தது.

ரப்பர் அக்கா கூடத்தில் மாட்டிய படத்தைத் திரையில் விரித்தாள். செய்தவற்றைப் பின்னோக்கி ஒவ்வொன்றாக நீக்கப் போவதாகவும், எதையும் புதிதாகச் சேர்க்கப் போவதில்லை என்றும் சொன்னாள்.

முதலில் வானத்தின் பொன்னிறம் போயிற்று. அது அவள் ஊட்டிய வெம்மை. அடியில் ஈயநிற மேகம் கிடந்தது. படத்திற்கு ஒரு நிறைவு வேண்டும், பார்ப்பவர் மனம் குளிர வேண்டும் என்று செய்ததாகச் சொன்னாள்.

அடுத்து, அலைதடுப்புச் சுவரின் மீது அவள் கூட்டிய வெளிச்சம் நீங்கியது. கற்கள் அடிமுதல் முடிவரை கருத்தன. கருமை கண்ணை உறுத்தும் ஒரு பட்டையாகத் தெரிந்ததால் காய்ந்த கல்போல் வெளுக்கச் செய்திருந்தாள். அவ்வளவு உயரமும் நனைந்திருக்க வேண்டுமானால் அலை சுவரைத் தாண்டி விழுந்திருக்க வேண்டும்.

"சொவருக்கு மேலயா?" என்றார் தையற்காரர். கேள்வி திரையை நோக்கியே இருந்தது.

பிறகு வெட்டப்பட்ட இடப்புறம் திரும்பி வந்தது. சுவரின் கோடு பார்வையை நேரே தீவுக்கு இழுத்துச் செல்ல வேண்டும் என்பதற்காக, அப்பகுதியை அவள் கத்தரித்துவிட்டிருந்தாள்; அதிலிருந்த படகுகள் கலங்கித் தெரிந்ததும் ஒரு காரணம். சுவருக்கு உட்புறம், காற்றுக்கு மறைவான இடத்தில், கயிற்றால் பிணைக்கப்பட்ட படகுகள் அவை. எதற்கும் உருவம் இல்லை. ஒவ்வொரு பாய்மரமும் விசிறிபோல் விரிந்து அழிந்திருந்தது. அரை நிமிடத்திற்குள் அவை அவ்வளவு ஆடியிருந்தன.

படகோட்டி சுவரை விட்டு ஓரடி முன்னே வந்தார். "அந்தக் கடைசிப் படகு என்னோடது" என்றார். "மறைவுல கட்டியிருந்ததே அப்படி."

பிறகு அவர் தலையை நிமிர்த்திக் கடலைப் பார்ப்பவரைப்போல் திரையைப் பார்த்தார். அவருடைய மனைவி சொன்ன சந்தேகம் அவரைவிட்டு அகன்றதை ரப்பர் அக்கா அவர் தோளில் கண்டாள்.

தையற்காரர் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் ஒன்று இருப்பதாக அவள் சொன்னாள். கண்ணாடியில் தூசி படிந்தால் படத்தில் புள்ளி விழும். கடல்படம் என்றால் நிறைய விழும். அவற்றை ஒன்றுவிடாமல் துடைப்பது அவள் வழக்கம். அது யோசித்துச் செய்யும் வேலையன்று, வீடு பெருக்குவதுபோல் கை தானே செய்துவிடும். தீவின் மேலிருந்ததையும் அப்படித்தான் செய்தாள்.

அவள் விசையை அழுத்தினாள். கரிய தீவின் மேல், ஒரு கூரை இருக்குமிடத்தில், மஞ்சள் கலந்த வெண்புள்ளி ஒன்று தோன்றியது.

தையற்காரர் முக்காலியை நகர்த்திவிட்டுத் திரைக்கு மிக அருகே போனார். நூல் கோக்கும்போது ஊசியைப் பார்ப்பவரைப்போல் கண்ணைச் சுருக்கினார். அவளைப் படத்தைப் பெரிதாக்க விடவில்லை. பெரிதாக்கினால் சிதைந்துபோகும் என்று அஞ்சினாரோ என்னவோ, கையால் தடுத்துவிட்டார்.

"இது அக்கா ஏத்தினதா?"

"ஆமாம்" என்றார் படகோட்டி.

"எவ்வளவு நேரம் எரிஞ்சுது?"

படகோட்டி புள்ளியைப் பார்த்தபடியே சொன்னார். "அணையவே இல்லை. நான் கரையை விட்டுப் போகலை, அதைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். வெளிச்சம் வந்ததும் கண்ணுக்குத் தெரியாமப் போச்சு. போய்ப் பாத்தப்பவும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்தது. நான்தான் ஊதி அணைச்சேன்."

தையற்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. படகோட்டியும் எதிர்பார்த்தவராகத் தெரியவில்லை. போகும்போது தையற்காரர், அந்தப் புள்ளியை மறுபடி துடைத்துவிடாதே தங்கச்சி என்று மட்டும் சொன்னார்.

படக்காரர் துறைமுக அலுவலகத்திற்குத் தாமே போய் நடந்ததைச் சொன்னார். அவர்கள் மகிழவில்லை, மாற்றுப்படத்தின் செலவை ஏற்கவும் மறுத்தனர். அதை ஸ்டூடியோவே ஏற்றது. அச்சிடுமுன் ரப்பர் அக்கா கடைசியாக ஒருமுறை திரையைப் பார்த்தாள். நிழலைச் சற்றே தூக்கினால் படகுகள் இன்னும் தெளிவாகத் தெரியும். மேகத்தைச் சற்றே அழுத்தினால் அச்சம் கூடும். கை மவுஸின் மேல் போயிற்று. உடனே அதை விலக்கிக்கொண்டாள். காமிராவிலிருந்து வந்தது வந்தபடியே அச்சுக்குப் போயிற்று.

கூடத்தில் அதை மாட்டிய நாளில் மூட்டையோடு வந்த ஒரு பயணி அண்ணாந்து பார்த்து, பழைய படம் எவ்வளவு லட்சணமாக இருந்தது, இது ஏன் இழவு விழுந்த வீடுபோல் இருட்டாக இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டார். பெஞ்சின் கோடியில் அமர்ந்து சட்டையொன்றுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்த தையற்காரர் பல்லால் நூலைக் கடித்தறுத்தார்.

"அன்னிக்குக் கடல் அப்படித்தாங்க இருந்துது" என்றார், கூடம் முழுவதற்கும் கேட்கும்படி. பிறகு சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, படித்துறையில் ஆளின்றி நின்ற படகோட்டியின் படகில் முதல் ஆளாக ஏறி, தீவின் பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.