இலையில்லாத காட்டுக்கு ஒரு விண்ணப்பம்

1995ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு, மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலுள்ள மகளிர் பாடசாலையொன்றின் மண்டபத்தில், அப்பாடசாலையின் இரசாயனவியல் ஆசிரியை திருமதி அன்னப்பூரணி நல்லரத்தினம், தாம் முந்திய ஆண்டு இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பார்த்துவந்த பழங்காடு ஒன்றைப் பற்றி உரையாற்றத் தொடங்கினார். போர்நிறுத்தம் வந்து ஐந்து வாரங்கள் ஆகியிருந்தன. மண்டபத்தில் நாற்பத்தொரு பேர் இருந்தனர். நாற்பது பேர் கேட்க வந்தவர்கள். ஒருவர் குற்றம் பார்க்க வந்தவர்.

அந்த ஒருவர் மங்கையற்கரசி. அதே பாடசாலையில் இருபத்தேழு ஆண்டுகளாகத் தாவரவியல் கற்பித்துவருபவர். அன்னப்பூரணியின் கணவன் நல்லரத்தினத்தின் அக்கா. முன்வரிசையில் அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியை உயிரியல் ஆசிரியை சபூராவுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வரிசையில் போய் அமர்ந்தார். முன்வரிசையில் இருந்தால் அடிக்கடி தலையாட்ட வேண்டியிருக்கும்.

அந்தப் பயணம் தமக்குரியது என்பதில் அவருக்கு ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை. இங்கிலாந்திலுள்ள இயற்கைக் கழகமொன்று, கிழக்கிலிருந்து விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை ஆறு வாரங்களுக்கு அழைத்தபோது, முதலில் விண்ணப்பித்தவர் அவர்தான். நேர்முகத் தேர்வு 1994 மே 26, வியாழக்கிழமை. அவ்வாரத் திங்களன்று வாவிக்கு மறுபுறமுள்ள படுவான்கரையில் கண்ணகை அம்மன் கோவில் குளிர்த்திச் சடங்கு. அவ்வாண்டு அதை நடத்தும் முறை அவருடைய தாய்வழிக் குடிக்கு வந்திருந்தது. குடியின் மூத்த பெண் போகாமல் இருக்க முடியாது. போனார். புதன்கிழமை திரும்பத் துறைக்கு வந்தபோது, ‘பாதை’ என்று ஊரார் சொல்லும் தட்டைப் படகு அக்கரையிலேயே கட்டிக் கிடந்தது. இராணுவச் சுற்றிவளைப்பாம். மூன்று நாட்கள் துறையடியில், முன்பின் அறியாத ஒருவர் வீட்டில் தங்கி, வாவிக்கு அப்பால் தெரிந்த தம் ஊரின் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வீடு சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பாடசாலைக்கு வந்த அழைப்பு வீணாகக் கூடாதென்று அதிபர் அன்னப்பூரணியை நேர்முகத்துக்கு அனுப்பியிருந்தார். அவள் தெரிவாகியும் இருந்தாள்.

“நீங்க வந்திருந்தா எனக்கு இது கிடைச்சிருக்குமா மச்சாள்?” என்று அவள் பணிவாகத்தான் சொன்னாள். மங்கையற்கரசியின் காதில் அது பணிவாக விழவில்லை.

மேடையில் இப்போது அன்னப்பூரணி, அந்தக் காட்டின் வயது தொளாயிரம் ஆண்டுக்கு மேல் என்றாள். அரசர்கள் மான் வேட்டையாடிய காடு. பிறகு விறகுவெட்டிகள் சிறு மரங்களை அடியோடு ஒட்ட வெட்டி, அடிக்கட்டையிலிருந்து புதுக் கம்புகள் கிளம்ப விட்டு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் வெட்டிவந்தார்களாம். வெட்ட வெட்ட மரத்துக்கு ஆயுள் கூடியதாம். மங்கையற்கரசி இவற்றையெல்லாம் அவள் பள்ளிச் சிறுமியாக இருந்த காலத்திலேயே கரும்பலகையில் எழுதியவர்.

புகைப்படங்கள் கைக்குக் கை மாறி வந்தன. பாடசாலையில் சிற்றுண்டி விற்கும் புஸ்பம் ஒரு படத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் பார்த்தாள். சாம்பல் நிற வானத்தின் கீழ், மொட்டைக் கிளைகள் மட்டுமே நின்றன.

“இஞ்ச பாருங்க கா, ஒரு இலை இல்ல. அங்கயும் ஷெல் அடிச்சிருக்கானுகள் போல!”

“வெள்ளைக்காரனுக்கு ஆரு கா ஷெல் அடிக்கிற?” என்றாள் அருகிலிருந்தவள்.

“அப்ப ஆக்கள் ஒளிச்சிருப்பாங்க எண்டு மருந்தடிச்சிருப்பானுகள். நம்மட றோட்டுக்கரை மரத்த ஆமி வெட்டின மாதிரி.”

மண்டபம் சிரித்தது. அன்னப்பூரணியும் சிரித்தாள்; ஆனால் அவளுடைய சிரிப்பு மற்றவர்களுடையதைவிட விரைவில் நின்றுவிட்டது. “குளிர் காலத்துல இலையெல்லாம் கொட்டிடும். நான் அந்தக் காட்டுக்குப் போனது நவம்பர் கடைசி” என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்தை எடுத்தாள்.

“இவர்தான் காட்டைப் பாக்கிற மனிசன். என்னக் கூட்டிப்போனவர். நான் நடக்கிற தடத்த விட்டு ஒரு அடி இறங்கல்ல. ஏன் எண்டு கேட்டார். கண்ணிவெடி எண்டன். மறுகா எனக்கு முன்னால காட்டுக்குள்ள இறங்கி நடந்தார். அவர்ர சப்பாத்து பதிஞ்ச இடத்துலயே நான் கால் வெச்சு வெச்சு, முழுக்காட்டையும் பாத்தன்.”

சபூரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மங்கையற்கரசியின் நெஞ்சில் நெருப்பு விழுந்தது. தொளாயிரம் ஆண்டு மரங்களையும் அரசர்களையும் அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். ஈர மண்ணில் பதிந்த அந்தச் சப்பாத்தடிகளைப் பொறுக்க முடியவில்லை. அவற்றின் மேல் பதிந்திருக்க வேண்டியது தம் கால்.

கேள்வி நேரத்தில் அவர் எழுந்து நின்றார்.

“அடியோடு வெட்டித் தளிர்க்க விடும் சிறுமரம் என்றீர்கள். அதன் பெயரைச் சொல்லவில்லையே?”

“சொன்னாங்க மச்சாள். மறந்துபோச்சு.”

“ஹேசல். ஓக் மரத்தின் கீழே ஹேசல் வளரும். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும்.”

அன்னப்பூரணி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: “பாத்தீங்களா? நான் அங்க போயும் தெரியாதத எங்கட மச்சாள் இஞ்ச இருந்தே தெரிஞ்சு வெச்சிருக்கா.”

கை தட்டினார்கள். அது புகழ்ச்சியா குத்தலா என்று மங்கையற்கரசிக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவருக்குச் சுட்டது.

கூட்ட முடிவில் அதிபர் ஓர் அறிவித்தல் செய்தார். கழகத்தார் இவ்வாண்டு இரண்டு இடங்கள் தந்திருக்கிறார்கள்: ஒன்று மே மாதம், மற்றது ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஆறு வாரம். பெயர்களை அன்னப்பூரணி முன்மொழிய வேண்டும். ஆசிரியர் குழு ஏற்க வேண்டும். சேவையில் உள்ளோர் மட்டுமே போகலாம். மங்கையற்கரசிக்கு யூலை மூன்றாம் திகதி ஐம்பத்தைந்து வயது நிறைகிறது. ஓய்வு கேட்டு ஏற்கெனவே கடிதம் கொடுத்திருந்தார். ஆகவே அவருக்கு எஞ்சியிருந்தது மே மாதம் ஒன்றுதான். அதற்கும் அன்னப்பூரணியின் கையெழுத்து வேண்டும். அவளிடம் போய்க் கேட்பதைவிட வாவியில் இறங்குவது மேல் என்று அவர் எண்ணிக்கொண்டார்.

கேட்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை, அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வேளையில், தம்பியும் மனைவியும் வந்தார்கள். நல்லரத்தினத்தின் கையில் பன்புல்லால் இழைத்த பையொன்று அசைந்தது.

“அக்கா, நண்டு கொண்டுவந்திருக்கன். கடிக்கிறதுக்கு அதுகள் போதும். நீங்க ரெண்டு பேரும் கடிபடாதீங்க.”

“நீ போய்க் கழுவு” என்றார் மங்கையற்கரசி.

அவன் கிணற்றடிக்குப் போனதும், அன்னப்பூரணி ஒரு படிவத்தை மேசைமேல் வைத்தாள். அதில் மே மாதத்துக்கு எதிரே மங்கையற்கரசியின் பெயரும், ஒக்டோபருக்கு எதிரே சபூராவின் பெயரும் தெளிவான கையெழுத்தில் இருந்தன.

“மேயில காடு முழுக்க நீலப் பூவாம் மச்சாள். இலையெல்லாம் புதுசா வந்திருக்குமாம். நான் கண்டதவிட நூறு மடங்கு வடிவா இருக்கும். உங்களுக்குத்தான் அது.”

தானம் செய்பவளின் குரல் என்று மங்கையற்கரசிக்குப் பட்டது. படிவத்தைத் தொடாமல் கேட்டார்: “அண்டைக்குப் புஸ்பம் ஷெல் எண்டு சொன்னதும், நீ ஏன் சிரிப்ப நிப்பாட்டினாய்?”

அன்னப்பூரணி வாசலைப் பார்த்தாள். நல்லரத்தினம் கிணற்றடியில் நண்டுகளோடு வாதாடிக்கொண்டிருந்தான்.

“ஆருக்கும் சொல்லாதீங்க. காட்டுக்குள்ள போன உடன நானும் அப்பிடித்தான் நினைச்சன். எல்லாம் பட்ட மரம் எண்டு. எங்கட பக்கத்துல மரம் அப்பிடி நிக்கிறது எப்ப மச்சாள்? எரிஞ்சா, இல்லாட்டி ஷெல் விழுந்தா. நான் வாசல்லயே நிண்டு அழுதுட்டன். ‘ஆர் இதச் செஞ்ச?’ எண்டு அந்த மனிசனிட்டக் கேட்டன்.”

மங்கையற்கரசிக்கு உள்ளே ஒரு மகிழ்ச்சி துள்ளியது. விஞ்ஞான ஆசிரியை! இலையுதிர்வு தெரியாதவள்! நாளையே ஆசிரியர் அறையில் சொன்னால் போதும்.

“மறுகா?”

“அவர் ஒரு கொப்ப வளைச்சுக் காட்டினார். நுனியில கடுகளவு மொட்டு. நகத்தால கீறினார், உள்ளுக்குப் பச்சை. அடுத்த மரத்தையும் காட்டினார். அதுலயும் பச்சை. முழுக்காடும் உயிரோட நிக்குது மச்சாள், நான் செத்ததெண்டு அழுதுகொண்டு நிக்கிறன். அந்த நேரம் எனக்கு வந்தத என்னால சொல்ல ஏலாது. அதாலதான் மேடையில அதச் சொல்லல்ல.”

மங்கையற்கரசியின் மகிழ்ச்சி அந்த இடத்திலேயே செத்தது. தாம் போயிருந்தால் என்ன செய்திருப்பார்? இலையுதிர் காடு என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியிருப்பார். மொட்டுகளின் அமைவைக் குறித்திருப்பார். அழுதிருக்க மாட்டார், ஆகவே எவரும் அவருக்கு ஒரு கொப்பை வளைத்து உயிரைக் காட்டியிருக்கவும் மாட்டார்கள். இருபத்தேழு ஆண்டுகளாகத் தாம் சேர்த்த அறிவுக்கு எட்டாத ஒன்றை, அறியாமை ஒன்றையே கொண்டு இவள் பெற்றுவிட்டாள். பயணத்தின்மேல் இருந்த பொறாமை அவருக்குப் பழகிப்போயிருந்தது. ஒருத்தியின் பிழையின்மேல் பொறாமைப்பட நேரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

சிவப்புப் பேனையை எடுத்தார். படிவத்தில் தம் பெயரை வெட்டிச் சபூரா என்று எழுதினார். சபூராவின் பெயரை வெட்டித் தம் பெயரை எழுதினார்.

“என்ன மச்சாள் செய்யிறீங்க? ஒக்டோபர்ல நீங்க சேவையில இல்லையே!”

“ஓய்வுக் கடிதத்த வாபஸ் வாங்குவன்.”

“இன்னும் அரை வருஷம் படிப்பிக்கப் போறீங்களா? முழங்கால் நோவோட அந்தப் படி ஏறியா? மொட்டை மரத்தப் பாக்கிறதுக்கா?”

“நீ பாத்தது மொட்டை மரம். எனக்கு வரவேண்டியிருந்ததும் அதுதான். பூவ நீ வெச்சுக்கொள்.”

நல்லரத்தினம் ஈரக் கையோடு உள்ளே வந்தான். விடயத்தைக் கேட்டு, சிரிக்காமல் சொன்னான்: “அக்கா, இந்தச் சமாதானம் ஐப்பசி வரைக்கும் நிக்குமோ எண்டு ஆருக்குத் தெரியும்? போன முறை ஒரு துறை மூடினதுக்கே எல்லாம் போச்சு. றோட்டுத் திறந்திருக்கக்குள்ள போய்ட்டு வாங்க. மே எண்டா கையில இருக்கு.”

அவன் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். மட்டக்களப்பில் ஆறு மாதத்துக்குப் பிந்திய திகதியை நம்பி எவரும் கலியாணம்கூட வைப்பதில்லை. மே மாதம் என்று எழுதினால் காட்டைப் பார்ப்பது ஏறக்குறைய உறுதி. ஒக்டோபர் என்று எழுதினால், ஒருவேளை எதையுமே பார்க்காமல் போகலாம். நீலப் பூக்கள் நிறைந்த காட்டில் தாம் நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தார். அங்கும் அவருக்கு முன்னால் அன்னப்பூரணி, இலையில்லாத மரங்களுக்கிடையே, அழுத கண்ணோடு நின்றுகொண்டிருந்தாள்.

“உங்களுக்கு ஒண்டு சொல்லட்டா மச்சாள்?” என்றாள் அன்னப்பூரணி. “கோபிக்காதீங்க. இது பொறாமை.”

“ஓம்” என்றார் மங்கையற்கரசி. “உனக்கு இப்பத்தானா தெரியும்?”

அன்னப்பூரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லரத்தினம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உலை வைக்கச் சொல்லிக்கொண்டு மீண்டும் நண்டிடம் போனான். திருத்தம் செய்த இடங்களில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்று மங்கையற்கரசி நினைவூட்ட, அன்னப்பூரணி இரண்டு இடத்திலும் இட்டாள்.

மார்ச் 6ஆம் திகதி திங்கட்கிழமை ஆசிரியர் குழு கூடியது. ஒன்பது பேர் வந்திருந்தனர். மே மாத இடம் சபூராவுக்கு வழங்கப்பட்டது. அவர் நன்றி கூறி ஏற்றுக்கொண்டார். ஒக்டோபர் 16 தொடக்கம் நவம்பர் 26 வரையான இடம் மங்கையற்கரசிக்கு வழங்கப்பட்டது. அவர் தமது ஓய்வுக் கடிதத்தை மீளப்பெற்று, 1995 டிசம்பர் இறுதிவரை சேவையில் இருப்பதாக எழுத்தில் உறுதியளித்தார். நிலைமை காரணமாக ஒக்டோபரில் பயணம் செய்ய இயலாமற் போனால், அந்த இடம் வேறொருவருக்கு மாற்றப்படாது என்றும், அவருக்கு மறு வாய்ப்பு அளிக்கப்படாது என்றும் அவருக்கு விளக்கப்பட்டது. அவர் அதை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார்.