கலயத்து அரிசி

"இத்தனை அரிசி போட்டமே, அதுல எதுங்கய்யா எங்க புஸ்தகம்?"

அழகி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. வாசல் கூரை இறவாணத்தில் தொங்கிய கலயத்திலிருந்து அரிசியைப் பையில் கவிழ்த்துக்கொண்டிருந்த தபால்காரர் ஆத்மநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாமே ஒன்னோடதுதான்."

"ஆத்தா, எல்லாமே நம்மளுதாம்! எங்கிட்டு வைக்கிறது?" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

திருமயத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஊரில் நூலகம் தொடங்கிய ஆண்டு 1936. அழகியின் தாய் மூக்காயிக்கு மலேயாவிலிருந்து புருஷன் எழுதும் கடிதங்களை ஆத்மநாதன்தான் வாசித்துக் காட்டுவார். ஒருநாள் அவள், "எனக்குன்னு எழுதுனத அடுத்தவுக வாயால கேக்க வேண்டியிருக்கே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது பொறுக்காமல்தான் அவர் தம் நண்பர் தேனப்பச் செட்டியாரிடம் போய் நின்றார். செட்டியார் நூலகத்துக்கென்று தம் வீட்டு முகப்பு அறையை ஒழித்துக் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு கலயம்; உலை வைக்கும்போதெல்லாம் அதில் ஒரு பிடி அரிசி. வெள்ளிக்கிழமைதோறும் ஆத்மநாதன் அதைச் சேர்த்துச் சந்தையில் விற்றுப் புத்தகம் வாங்கினார். 'அரிசி போட்ட வீட்டார் எவரும் வாசிக்கலாம். வாசிக்கத் தெரியாதவர் வந்து கேட்கலாம்' என்று செட்டியாரே தம் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

ஐந்து ஆண்டுகளில் புத்தகங்கள் நானூற்றைத் தாண்டின. அழகி அப்பாவின் கடிதத்தைத் தானே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். அப்போதுதான் செட்டியார் கடைவீதியில் புதுக் கட்டடம் எழுப்பிப் புத்தகங்களை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்.

திறப்பு விழா அன்று அழகி எண்ணெய் வைத்துத் தலை சீவி, வாசித்து முடித்த புத்தகத்தோடு வந்தாள். வாசல் காவலாள் அதை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, "சந்தாக்காரவுக மட்டுந்தான் உள்ள போகலாம். நீ போ புள்ள" என்றான்.

அவள் வாசலோரம் நின்ற ஆத்மநாதனைப் பார்த்தாள். வெறுங்கையோடு திரும்பி நடந்தாள்.

ஆத்மநாதன் உள்ளே போனார். செட்டியார் மாலையும் கழுத்துமாக நின்றிருந்தார்.

"என்னண்ணே இது? நீங்க எழுதி ஒட்டுனது எங்க?"

"அந்தக் காயிதமா? கிழிஞ்சு போச்சுப்பா. இனிமே தாசில்தாரு, வக்கீலெல்லாம் வர்ற எடம். வயக்காட்டு வேர்வையோட வந்து ஏட்டைத் தொட்டா நல்லாவா இருக்கும்?"

"கலயத்துல கை விட்டப்ப அந்த வேர்வை தெரியலையாண்ணே?"

"நீ ஒருத்தன்! பழசையே பேசுவ. ஒனக்குச் சந்தா வேணாம், வந்து உக்காந்து படி. போ, பாயசம் சாப்பிடு."

ஆத்மநாதன் பாயசம் சாப்பிடவில்லை. செட்டியார் ஏமாற்றியது கூட அவருக்கு ஆறிவிடும் போலிருந்தது. ஆனால் ஊர்ப் பெண்கள் கலயத்தைத் திறந்தது செட்டியாரை நம்பி அல்ல. வாசலில் வந்து நின்ற தம்மை நம்பி. எல்லாமே உன்னுடையது என்று அந்தக் குழந்தையிடம் சொன்ன வாய் தம்முடைய வாய். முருகா, நானும்தானே ஏமாற்றினேன் என்று அன்றெல்லாம் குமைந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை உச்சி வேளையில், களையெடுப்புக்கு எல்லோரும் போயிருந்த நேரத்தில், மூக்காயி வீட்டுக்குப் போனார். அரிசிப் பை கொண்டுபோகவில்லை. கலயம் கவிழ்ந்து கிடக்கும் என்றுதான் நினைத்தார். அது தொங்கிக்கொண்டிருந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே வழக்கம்போல ஒரு வாரத்து அரிசி. மூக்காயி நிறுத்தவில்லை.

பிறகு கடிதப் பைக்குள்ளிருந்து, பள்ளிக்கூடத்தில் தமக்குப் பரிசாகக் கிடைத்த பறவைப் படப் புத்தகத்தை எடுத்தார். பழந்துணியில் சுற்றி அரிசியின் மேல் சாய்த்து வைத்தார். பெயர் எழுதவில்லை. ஒரு மணி அரிசியைக்கூட எடுக்கவில்லை. வீட்டில் அவருக்கென்று இன்னும் பத்துப் புத்தகங்கள் இருந்தன. பத்து வெள்ளிக்கிழமைக்குப் போதும். அதற்கு மேல் முருகன் பார்த்துக்கொள்வான்.

மூடியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, அடுத்த தெருவுக்குக் கடிதம் கொடுக்கப் போனார்.