சவுதிக் குழாய்

கீழ் வீட்டிலிருந்து துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டும் சத்தம் கேட்டது. தலை நிறைய சோப்பு நுரையோடு எட்டிக் குளியலறை வால்வை மூடினேன். பரிமளா அக்கா தட்டினால், எங்கள் சுவருக்குள் கசிந்த தண்ணீர் அவர்கள் சமையலறைப் பரணில் சொட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வாளியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் நுரையை அலசிக்கொண்டு வெளியே வந்தபோது, அக்கா ஈர முறத்தோடு எங்கள் வாசலில் நின்றிருந்தாள்.

“பரண்ல வெச்ச கருவாடெல்லாம் மறுபடியும் நீஞ்சிக்கினு இருக்குது அப்ஸானா. இன்னும் ரெண்டு குடம் ஊத்துனா மரக்காணம் கடலுக்கே போய்ச் சேந்துடும்.”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“அவரு லீவுல வரட்டும் பரிமளா. வந்து ஒரு கை பாத்தார்னா சரியாப் பூடும்.”

“வரட்டும்க்கா. அதுவரைக்கும் பக்கெட்டு வெச்சிக்கிறேன்.”

அத்தாவுக்கு அடுத்த லீவு எப்போது என்று அம்மாவும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

கோட்டக்குப்பத்திலிருந்து திண்டிவனத்தில் உள்ள இந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்த புதிதில் எல்லாக் குழாய்களும் கண்ணாடி மாதிரி மின்னும். நான் முகம் பார்த்துத் தலை வாருவேன். பள்ளிக்கூடத்தைக் கோட்டக்குப்பத்தோடு விட்டுவிட்டதால் பகலெல்லாம் வீட்டில் நானும் அந்தக் குழாய்களும்தான். ஒரு வருடத்தில் ஒவ்வொரு வீட்டுக் குழாயாக உடைய ஆரம்பித்தன. மேலே வெள்ளிப் பூச்சு, உள்ளே சுண்ணாம்புக் கட்டி போல ஏதோ ஒன்று. கையால் கொஞ்சம் அழுத்தித் திருகினால் கழுத்தோடு வந்துவிடும். கட்டிக் கொடுத்தவர் போனை எடுப்பதை நிறுத்தினார். மாடிப்படியில் பெண்கள் பேசிக்கொள்வதெல்லாம் இன்றைக்கு யார் வீட்டில் உடைந்தது என்பதாகவே இருந்தது.

அத்தா சவுதியில், தம்மாமில், கட்டுமான சாமான் விற்கும் கடை ஒன்றில் வண்டி ஓட்டுகிறார். அம்மா போனில் அழுததைக் கேட்டுவிட்டு அடுத்த லீவுக்கு வரும்போது பெட்டியில் குளியலறைக்கு ஒரு குழாய் கொண்டுவந்தார். பெட்டி பிரிப்பதற்கென்றே கோட்டக்குப்பத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சென்ட்டு வரும், கம்பளி வரும், சோப்பு வரும் என்று பார்த்திருந்தவர்கள் நடுவில் பொன்னிறமாக ஒரு குழாய் உருண்டு வந்தது. அத்தாவின் அக்கா அசன் பீவி மாமி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏன்டா யாஹ்யா, அந்த ஊருல தண்ணியே கெடையாதுங்கறாங்க. அங்கேர்ந்தா கொழாய் கொண்டாந்த?”

வீடே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அத்தாதான்.

மறுநாள் காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மாட்ட உட்கார்ந்தார். நான் செல்போன் விளக்கைப் பிடித்தேன். வெள்ளை டேப்பைக் குழாயின் திருகு மரையில் சுற்றும்போது நாக்கின் நுனி உதட்டுக்கு வெளியே வந்து நின்றது. வண்டி ஓட்டும் கை. சுற்றுவதும் பிரிப்பதுமாக மதியம் வரை ஆனது. அம்மா சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து குளியலறை வாசற்படியில் நின்றே ஊட்டினாள். அதற்கு முன்பும் பின்பும் அம்மா அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கடைசித் திருகல் இறுகியதும் அத்தா குழாயைத் தட்டிச் சொன்னார்: “இனிமே இந்த வூட்ல ஒரு சொட்டு ஒழுகாது.”

அந்த வாசகத்தை விட்டுவிட்டுத்தான் அவர் விமானம் ஏறினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வீடியோவில் வந்தால் முதலில் என்னைக் கேட்பார், பிறகு, “என் கொழாயக் காட்டு” என்பார். நான் காட்டுவேன். சுவருக்குள் கசிவதைக் கேமரா காட்டாது.

கருவாடு நனைந்த சில நாளில், போன வெள்ளிக்கிழமை அவர் அழைத்த நேரத்தில் பரிமளா அக்கா எங்கள் வீட்டில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள், வால்வு திறந்திருந்தது.

“தங்கச்சி, கீழ எதுனா ஒழுகுதா? கூச்சப்படாம சொல்லு” என்று அவளைக் கேட்டார் அத்தா.

அக்கா உரித்த கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். “ஒரு சொட்டு இல்லண்ணே. நம்ம பில்டிங்லயே உங்க கொழாய்தான் நிக்குது.”

போன் வைத்ததும் அவள் எழுந்து, “பக்கெட்ட மாத்தணும்” என்று சொல்லி ஓடினாள். அம்மா ஈரக் கையோடு குளியலறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “பெருமுக்கல்லேர்ந்து வருவாரே ப்ளம்பர் வல்லரசு, அவருக்கு ஒரு போன் போடு” என்றாள்.

வல்லரசு அண்ணன் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார்.

“நல்ல பித்தளைக்கா, கொறை சொல்ல முடியாது. ஆனா அந்த ஊரு மரை வேற, நம்ம மரை வேற. பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். ஏறும், உக்காராது.”

“அவரு எவ்ளோ நேரம் சுத்துனாரு தெரியுமா?”

“எவ்ளோ சுத்துனாலும் உக்காராதுக்கா.”

பரிமளா அக்காவின் வீட்டுக்காரர் சேட்டு அண்ணன், விழுப்புரத்தில் வேலை முடித்து வரும்போது வாங்கிவந்த குழாயை அந்த இடத்தில் மாட்டினார்கள். சாதாரண வெள்ளை நிறம். பழையதை அம்மா அத்தாவின் துண்டு ஒன்றில் சுற்றி அலமாரியில் வைத்தாள். மரையில் டேப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த வெள்ளிக்கிழமையும் அழைப்பு வந்தது. “என் கொழாயக் காட்டு” என்றார் அத்தா. அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அலமாரியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். கால்கள் குளியலறைக்குப் போய்விட்டன. கேமராவைத் திருப்பினேன்.

அத்தாவின் பக்கம் ஏதோ லாரி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

“மாத்திட்டீங்களா?”

அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். “ஒழுகிச்சிங்க.”

“பரிமளா இல்லன்னுச்சே?”

“அது உங்களுக்காகச் சொல்லிச்சு. நானும்தான் மறைச்சேன்.”

அத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்கே வெயிலாக இருந்திருக்கும். “தொறந்து காட்டும்மா” என்றார் என்னிடம்.

திறந்தேன். வாளியில் தண்ணீர் விழுந்தது. அத்தா திரையை ஒட்டி வந்து பார்த்தார். அவர் நெற்றி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அம்மாவின் கை பழக்கத்தில் வால்வு மேல் போய் நின்றது. நாங்கள் இருவரும் கீழே காது கொடுத்தோம். தட்டும் சத்தம் வரவில்லை. வாளி நிறைந்தது, விளிம்பில் வழிந்தது, எங்கள் கால் விரல்களை நனைத்துக்கொண்டு ஓடியது. அம்மா இன்னும் வால்வை மூடாமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.