அக்கா வாசித்த இரண்டாம் பாகம்

என் அண்ணிக்குத் தொழில் பல்செட் செய்வது. டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். அண்ணி மெழுகில் ஈறு வைத்து, பற்களை ஒவ்வொன்றாக நட்டு, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சிரிப்பு செய்து கொடுப்பார். மாலையானால் அதே கைகள் வேறு வேலைக்குப் போய்விடும். பின்னறையில் பழைய காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அடுக்கியிருக்கும், டிவியோடு இணைத்து ஓட்டிய வகை. அவற்றின் ஃப்ளாப்பிகள் பூஞ்சை பிடித்துப் போவதற்குள் உள்ளே இருப்பதைப் படியெடுப்பார். விளக்கப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்வார். யார் கேட்டாலும் அனுப்பிவைப்பார். அண்ணன் அந்த அறைக்குக் காயலான் கடை என்று பேர் வைத்திருந்தான். வேறு யாராவது அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போகிறவனும் அவன்தான்.

அந்த அறையில் ஓர் இயந்திரம் மட்டும் அண்ணிக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச காலமே விற்று, கம்பெனியோடு மறைந்துபோன இயந்திரம். மற்றபடி ஓடும், ஃப்ளாப்பி படிக்கும் பகுதி மட்டும் செத்துப்போயிருந்தது. அதன் ஃப்ளாப்பிகள் ஒரு செருப்புப் பெட்டி நிறைய இருந்தன. ஃப்ளாப்பியில் பதிந்திருப்பதை வேறு கருவியால் எடுக்க அண்ணிக்குத் தெரியும். ஆனால் அந்தக் கம்பெனிக்காரர்கள் எதையும் வரிசையாகப் பதியவில்லை. துண்டு துண்டாக்கி, சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி வைத்திருந்தார்கள். எந்தத் துண்டுக்குப் பிறகு எது என்ற அட்டவணை விளக்கப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் இருந்தது. அந்தப் புத்தகம் யாரிடமும் இல்லை. அண்ணி விசாரிக்காத ஆள் இல்லை.

ஒரு நாள் பார்வையில்லாத ஒருவர் தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். அக்கா கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அவர் வாசலில் பேசினால் மாடிக்குக் கேட்கும். ஆபரேட்டர் சட்டைப் பையிலிருந்து அதே வகை ஃப்ளாப்பி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சின்ன வயசுல நான் எழுதின ப்ரோக்ராம்மா இது. திரையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணுமே. அதனால எழுத்துக்கு ஒரு ராகம் வெச்சேன். கேட்டுக்கேட்டுப் படிப்பேன்."

அண்ணி ஃப்ளாப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பேசாத இயந்திரத்தைத் தனக்காக ஒரு சிறுவன் பாட வைத்திருக்கிறான்!

"சார், இதைப் படிக்க எனக்கு ஆசைதான். ஆனா ரெண்டாவது புத்தகம் கிடைக்கல."

"ரெண்டாவது புத்தகமா? நம்மகிட்ட இருக்கேக்கா!"

"எங்கடா இருக்கு? அதை அப்பவே கடைக்காரர்கிட்ட திருப்பிக் குடுத்தாச்சு."

"நீ படிச்சது இருக்கே."

கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் தன்னிடமிருந்த இரண்டாம் பாகத்தை இரவல் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்கா தம்பிக்காக அதை முழுக்க வாய்விட்டுப் படித்து கேசட்டில் பதிந்திருக்கிறார். மறுநாளே ஒரு பை நிறைய கேசட் வந்தது. ஒன்றில் நாடா அறுந்திருந்தது. அண்ணி பல் நடும் இடுக்கியால் அதை எடுத்து ஒட்டி, புதுக் கூட்டுக்குள் மாற்றினார்.

ஒலிபெருக்கியில் ஒரு சிறுமியின் குரல் வந்தது. கமா, அடைப்புக்குறி, புள்ளி எதையும் விடவில்லை. படம் வந்தால் படத்தையும் சொன்னாள். "வட்டம். அதுக்குள்ள இன்னொரு வட்டம். கேக் வெட்டின மாதிரி கோடு கோடா இருக்குடா." நடுவில், "தொண்டை வறளுது, தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்து போனாள். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அண்ணி அட்டவணையைத் தட்டச்சு செய்து ஃப்ளாப்பியை ஓட்டினார். பாதி ஒழுங்காக வந்தது, மீதி குப்பை.

"அக்கா, எங்கேயாவது மாத்திப் படிச்சிருப்பீங்களோ?" என்றார் தயங்கி.

"நானா? எனக்கு அதுல ஒரு மண்ணும் புரியல. இருந்ததை இருந்தபடி படிச்சேன், அவ்வளவுதான்."

அண்ணி நாடாவைத் திருப்பி முதலிலிருந்து கேட்டார். அட்டவணையின் நடுவே குரல் சொன்னது: "இந்த நம்பரை யாரோ பென்சிலால அடிச்சிட்டு மேல வேற நம்பர் எழுதியிருக்காங்க. ரெண்டையும் படிக்கிறேன்." அண்ணி சட்டென்று நிமிர்ந்தார். முதல்முறை இதைக் கேட்டபோது, அச்சில் இருப்பதுதான் சரியாக இருக்கும் என்று பென்சில் எண்ணை ஒதுக்கியிருந்தார். அச்சுப்பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் கடைக்காரராக இருக்க வேண்டும்.

எண்ணை மாற்றினார். குப்பை மொத்தமும் எழுத்தாக மாறியது.

அந்தக் காலத்து இயந்திரங்கள் கேசட்டில் பதிந்த ஒலியிலிருந்தும் ப்ரோக்ராமை வாங்கிக்கொள்ளும். அந்த ப்ரோக்ராமை ஒலியாக்கி, கேசட் இணைப்பு வழியாகப் பழைய இயந்திரத்துக்கே ஏற்றினார் அண்ணி. ஆபரேட்டர் விசைப்பலகையைத் தடவிப் பார்த்து ஒரு விசையை அழுத்தினார். டிவியிலிருந்து மூன்று ஸ்வரம் குதித்தது. அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, இந்த ரெண்டு எழுத்துக்கும் ஒரே சத்தம். அப்பவே மாத்தணும்னு இருந்தேன், வேலை கிடைச்சு அப்படியே விட்டுட்டேன். ஒரு நிமிஷம் இருங்கம்மா."

காதாலேயே தேடி, அந்த வரிக்குப் போய், திருத்தியும் விட்டார். நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்தோம். அண்ணி அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் வரிசை கச்சிதமாக அமைந்துவிட்டால் மட்டும் வரும் முகம் அது.

செருப்புப் பெட்டியில் இருந்தவையும் அடுத்தடுத்த வாரங்களில் திறந்துகொண்டன. ஒரு மருந்துக்கடையின் சரக்குக் கணக்கு, யாரோ பாதியில் விட்ட சதுரங்கம், ஓர் ஆசிரியையின் கேள்வித்தாள்கள். இரண்டாம் பாகத்தை அண்ணி முழுவதும் தட்டச்சு செய்து, குரலோடு சேர்த்து இணையத்தில் எல்லோருக்குமாக வைத்தார். முதல் பக்கத்தில், வாசித்தவர் என்று அக்காவின் பெயரைப் போட்டார்.

அக்கா போனில் கத்தினார். "ஏம்மா, ஒண்ணும் புரியாமப் படிச்சவ பேரையா போடுவாங்க?"

"புரிஞ்சிருந்தா பென்சிலை விட்டிருப்பீங்கக்கா" என்றார் அண்ணி. "நான் விட்டேன் பாருங்க."