பாந்தியாசின் தேனீ

நாணயப் பட்டறை வாசலில் வந்து நின்றபோது பாந்தியாசின் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. அந்த ஊரில் கடைத்தெருவுக்குப் போகிற எல்லோரும் சில்லறையை வாயில் அடக்கிக்கொள்வதுதான். அவர் அடக்கி வந்தது செலவுக்கு அல்ல.

ஊர்த்தலைமையில் அவர் இருந்த வருடம் அடித்த வெண்கலக் காசுகளில் முன்புறம் ஊரின் நட்சத்திரம், பின்புறம் அவர் குலத்தின் தேனீ. போன கோடையில் அவர் மகன் கடற்போரிலிருந்து கப்பலைத் திருப்பிக்கொண்டு ஓடினான். அந்த அவமானத்துக்காக அந்தக் காசுகளையெல்லாம் திரும்ப வாங்கி, தேனீயின் மேல் நாய் உருவத்தை அடிக்க வேண்டும் என்று ஊர்ச்சபை முடிவு செய்துவிட்டது.

கரி நெருப்பில் காசுகள் சிவந்துகொண்டிருந்தன. வெக்கையில் காற்று நெளிந்தது. தேனீக்கள் இறகை உதறி, ஒவ்வொன்றாக எழும்பி, பூத்துக் கிடக்கும் மலைச்சரிவைப் பார்த்துப் போவதாக அவருக்குத் தோன்றியது. ரீங்காரம்கூடக் கேட்டது. சம்மட்டி விழுந்ததும் நின்றது.

"வாங்கய்யா," என்றான் பட்டறைத் தலைவன் சோத்தாஸ். "வாயில என்ன, அத்திப்பழமா?"

பாந்தியாஸ் பட்டறைக் கல்லை நோக்கி நடந்தார்.

"முழுங்கிடாதீங்க. அப்புறம் விடியற வரைக்கும் நான் உங்க வீட்டு வாசல்ல காத்துக் கெடக்கணும்."

சம்மட்டிக்காரர்கள் சிரித்தார்கள். வாயைத் திறக்காமலே அவர் திரும்பிப் போயிருக்கலாம். அப்படிப் போனால், ஓடியவன் வீட்டில் காசை ஒளித்தவனும் இருந்தான் என்று ஆகிவிடும். காசை எடுத்து, அங்கியில் துடைத்து, பட்டறைக் கல்லின் மேல் வைத்தார்.

"அடி. ஓங்கி அடி. பாதி இறகு தெரியிற மாதிரி விட்டுடாத."

சோத்தாசின் சிரிப்பு அடங்கியது. காய்ச்சி அடித்தான். தேனீ இருந்த இடத்தில் நாய் வாயைத் திறந்து நின்றது.

"இவ்வளவுதானே ஐயா? வேற யார்கிட்டயும் இல்லையே? சபையில நான் சத்தியம் பண்ணணும்."

"ஒண்ணு இருக்கு."

"யார்கிட்ட?"

"மிர்த்தோகிட்ட."

சோத்தாஸ் இடுக்கியைக் கீழே வைத்தான். மிர்த்தோ அவர் மனைவி. மகன் ஓடுவதற்கு முந்தைய வசந்தத்திலேயே இறந்துவிட்டவள். இறந்தவர்களை ஆற்றின் மறுகரைக்குக் கடத்தும் படகுக்காரனுக்குக் கொடுக்கவென்று அவள் நாக்கின் கீழ் ஒரு தேனீக் காசை வைத்துத்தான் அனுப்பியிருந்தார்.

"இன்னும் அவகிட்டயே இருக்கோ, படகுக்காரன் வாங்கிட்டானோ," என்றார் பாந்தியாஸ். "நீயே போய்க் கேட்டுப் பாரு."

முதுகு வளையாமல் வெளியே வந்தார். வெயிலில் கடல் கண் கூச மின்னியது. கண்ணை மூடிக்கொண்டார். வெளிச்சமே படாத ஓர் ஆற்றின் மேல் ஒரு தேனீ பறந்துகொண்டிருந்தது.