உட்காரும் சுவருக்கு ஒரு கதவு

சாய்மாவின் வலது தோள் அந்த மார்ச் மாதம் அவளுடையதாகவே இல்லை. கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது. பின்னல் போட முடியாது. காப்பிக் கெண்டியை இடது கையால் தூக்கி ஊற்றினாள்; பாதி கோப்பையிலும் பாதி மேசையிலும் விழுந்தது. படுத்தால் எலும்புக்குள் யாரோ உளி வைத்து மெதுவாகத் தட்டுவதுபோல் இருந்தது.

காரணம் ஊரறிந்தது. பழைய மாட்டுக்கொட்டகைக்கு வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு. ஏரிக் காற்று ஒவ்வொரு இரவும் அதன்மேல் இடுப்பளவு பனியைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகும். அதை வாரி எறிந்தால்தான் கதவு அசையும். அப்படியும் கீழே இறுகிய பனி பிடித்துக்கொள்ளும். தோளைக் கொடுத்து இழுக்க வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, பதினொரு குளிர்காலம்.

அவளுடைய புருஷன் நெஸ்தோரியால் பனி வார முடியாது. இருபது வருஷம் செம்புச் சுரங்கத்தில் பாறைத் தூசியைத் தின்ற நெஞ்சு. பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு எந்தச் சுரங்கமும் அவனைச் சேர்க்கவில்லை. மரம் வெட்டித் தீர்ந்த இந்தக் கட்டாந்தரையை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். தச்சு வேலை செய்வான், உட்கார்ந்து உட்கார்ந்து. பத்து மண்வாரி பனி தள்ளினால் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவான். ஆக, ஆறு பசுக்களும் சாய்மாவின் தோளில்தான் நின்றன. அந்தத் தோள் கதவைத் திறக்காவிட்டால் பால் இல்லை. பால் இல்லாவிட்டால் பசுக்களை விற்றுவிட்டு இரண்டு பேரும் நகரத்தில் யார் வீட்டுப் பின்கட்டிலாவது போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

புதுக் கொட்டகை போன இலையுதிர்காலத்தில் எழும்பியிருந்தது. பச்சைப் பைன் மரங்களை முழுசு முழுசாக அடுக்கிய சுவர், மேலே கூரை. கதவு மட்டும் பாக்கி. வாசலில் கோணி தொங்கியது.

"நகர்ற கதவு வேணும்," என்றாள் சாய்மா. "தண்டவாளத்துல தொங்கி பக்கவாட்டுல போற கதவு. பனி எவ்வளவு கொட்டினாலும் அதுக்கென்ன?"

நெஸ்தோரி சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து, சாசரிலிருந்து காப்பியை உறிஞ்சினான். அவசரமில்லாத மனுஷன்.

"எங்கப்பன் ஊர்ல இருந்த அத்தன கொட்டகைக்கும் கீல் கதவுதான்."

"உங்கப்பன் ஊர்ல உங்கம்மாவோட தோள் எப்படி இருந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா?"

"பச்ச மரச் சுவர் உட்காரும், சாய்மா. மரம் காயக் காய ஒவ்வொண்ணும் சுருங்கும். ரெண்டு வருஷத்துல நாலு விரல் இறங்கிடும். அதுல போயி தண்டவாளம் மாட்டச் சொல்ற."

"அப்ப உள்பக்கம் திறக்கிற மாதிரி பண்ணு."

"உள்பக்கமா? அந்த மன்சிக்கிப் பசு சும்மா விடுவாளா? கதவுக்குப் பின்னால பின்புறத்த வச்சு முட்டுக் குடுத்து நிப்பா. நீ வெளிய, அவ உள்ள. யாரு ஜெயிப்பா?"

சாய்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் வலித்தது. அவள் முகம் சுளித்ததை நெஸ்தோரி பார்த்தான்.

சனிக்கிழமை சௌனாவில், சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி எழுந்ததும், அவள் தோளைத் தேய்த்துவிட்டான். மரத்தில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்கிற விரல்கள். நேராக வலிக்கிற இடத்துக்கே போயின.

"இங்கயா?"

"அங்கதான். மெதுவா, நான் என்ன பலகையா?"

"பலகைனா சொன்ன பேச்சு கேக்கும்."

திங்கட்கிழமை அவன் பால் வண்டியில் ஏறி நகரத்துக்குப் போனான். சாயங்காலம் எட்டடி இரும்புத் தண்டவாளம் இரண்டும், நான்கு உருளைகளும் கொண்டுவந்து இறக்கினான். அவனுடைய சட்டைப் பையில் எப்போதும் தொங்கும் கடிகாரச் சங்கிலி அன்று தொங்கவில்லை. சாய்மா அதைக் கவனித்தாள். அன்றைக்கு மீன் சூப்பில் உருளைக்கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டினாள்.

முதல் கதவைச் செய்து முடிக்க ஜூலை ஆனது. இரண்டு அங்குலக் கனப் பலகை, குறுக்கே மூன்று சட்டம், ஆணியின் முனையெல்லாம் மறுபக்கம் வளைத்து அடித்தது. கோட்டைக்கு மாட்டலாம். பக்கத்துப் பண்ணைக்காரன் தாவெத்தி வந்து பார்த்தான். பெண்டாட்டி செத்து ஆறு வருஷம் ஆகிறது. காப்பி வாசனை எந்த வீட்டில் வந்தாலும் அங்கே அவனுக்கு ஒரு வேலை இருக்கும்.

"இதுக்குள்ள யாரடா அடைக்கப் போற, நெஸ்தோரி? கரடியவா?"

"உறுதியா இருக்க வேணாமா?"

"உறுதியாத்தான் இருக்கு. உன் பெண்டாட்டியால தள்ள முடியுதான்னு பாரு."

கதவை இரண்டு உருட்டுக் கட்டைகளில் நிறுத்திவைத்து சாய்மாவை அழைத்தார்கள். அவள் இடது கையால் தள்ளினாள். கதவு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"தாவெத்தி, வாய மூடு," என்றான் நெஸ்தோரி, அவன் வாயைத் திறக்கும் முன்பே.

வளைத்து அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பிடுங்க நான்கு நாள் ஆனது. இந்தத் தடவை ஓர் அங்குலப் பலகை, குறுக்கே ஒரே ஒரு சாய்ந்த சட்டம். கைப்பிடியை எந்த உயரத்தில் வைப்பது என்று அவளை நிற்கவைத்து அளந்தான். அவள் இடுப்புக்குச் சற்று மேலே, இடது கை தானாகப் போய் விழும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டான்.

"எல்லாரும் நெஞ்சு உயரத்துலதான வைப்பாங்க?"

"எல்லாருக்குமா செய்றேன்?" என்றான், கோட்டைப் பார்த்தபடியே.

வாசல் நிலையை வைக்கும்போது முறைப்படிதான் செய்தான். மேற்கட்டைக்கும் அதற்கு மேலுள்ள மரத்துக்கும் நடுவே நான்கு விரல் இடம் விட்டு, அதில் காய்ந்த பாசியைத் திணித்தான். சுவர் இறங்கினால் பாசி நசுங்கும், நிலை தப்பிக்கும். பிறகு தண்டவாளத்தை அதற்கு மேலுள்ள மரத்தில் போல்ட் வைத்து முறுக்கி, கதவைத் தொங்கவிட்டான். தாவெத்தி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். செப்டம்பர் மாதத்து வெயிலில் சாய்மா ஒற்றைக் கையால் இழுத்தாள். கதவு முணுமுணுத்துக்கொண்டே ஓடியது. மறுபடி மூடினாள். மறுபடி திறந்தாள். ஐந்தாறு தடவை, தேவையே இல்லாமல்.

"தேய்ஞ்சிடப் போகுது," என்றான் நெஸ்தோரி. காது சிவந்திருந்தது.

நவம்பர் இரண்டாம் வாரம், முதல் கனத்த பனி விழுந்த காலையில் சாய்மா இரண்டு வாளிகளோடு போய்க் கைப்பிடியை இழுத்தாள். கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். தோளைக் கொடுத்தாள். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. அப்படியே கதவில் சாய்ந்து நின்றாள். உள்ளே மடி கனத்த ஆறு பசுக்களும் ஒன்று மாற்றி ஒன்று கத்தின.

நெஸ்தோரி ஓடிவந்தான், பாதி தூரம் ஓட்டம், மீதி தூரம் இருமல். கதவின் அடி, வாசற்கல்லில் வந்து அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். நிலைக்கு மேலே பாசி பாதியாக நசுங்கியிருந்தது. தண்டவாளம் ஒரு பக்கம், வெயில் அதிகம் காய்ந்த தெற்கு மூலைப் பக்கம், கூடுதலாகச் சரிந்திருந்தது.

"சுவர் உட்கார்ந்துடுச்சு," என்றான்.

"ஆமா. யாரோ ஒரு மனுஷன் மார்ச் மாசத்துலேயே எனக்குச் சொன்னான்."

நிலைக்கு இடம் விட்டவன், தண்டவாளத்தை இறங்குகிற மரத்திலேயே மாட்டியிருந்தான். மரச்சுவர் கட்டிப் பழகிய கை நிலையை மறக்காது; தண்டவாளம் அந்தக் கைக்குப் புதுசு. அவன் பனியில் நின்றபடி குல்லாயைக் கழற்றினான், யாரோ செத்துவிட்டதுபோல.

"குல்லாயப் போடு. சளி பிடிக்கும். மாடுங்க காத்திருக்கு."

கடப்பாரையை வைத்து நெம்பப் பார்த்தார்கள். இருமலும் தோளும் சேர்ந்து ஒரு ஆளின் பலம்கூடத் தேறவில்லை. கடைசியில் சாய்மா கொட்டகையின் பின்பக்கம் போய், சாணம் தள்ளும் பொந்தின் பலகையைத் தூக்கினாள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண் மண்டியிட்டு, இடது தோளை முன்னால் விட்டு உள்ளே நுழைந்தாள். நெஸ்தோரி பின்னாலிருந்து அவள் பூட்ஸைப் பிடித்துத் தள்ளினான்.

"மெல்ல! நான் என்ன சாணியா?"

"சாணி வெளிய வரும். நீ உள்ளதான போற?"

உள்ளே இருந்து சிரிப்புச் சத்தமும் திட்டும் சேர்ந்து வந்தன. ஆறு பசுக்களையும் கறந்து, வாளி வாளியாக அதே பொந்து வழியே வெளியே நீட்டினாள்.

"வெண்ணெய் ஆலைக்காரன் மோந்து பாத்தான்னா மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவான்," என்றாள்.

"அவனுக்கு மூக்கு அடைச்சிருக்கணும்னு வேண்டிக்குவோம்."

வீட்டுக்கு வந்ததும் நெஸ்தோரி ரம்பத்தை எடுத்தான். "அடியில ரெண்டு விரல் அறுத்து எடுத்துடறேன்."

"அறுத்தா? தண்டவாளம் சரிஞ்சிருக்கு. கதவு தானா மூலைக்கு ஓடும். அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு விரல் இறங்கும். நீ அறுத்துக்கிட்டே போ. கடைசியில மன்சிக்கி முழங்கால் தெரியும்."

அவன் உட்கார்ந்தான். ரம்பம் மடியில் கிடந்தது. "பசுக்கள வித்துடலாம்னு நெனைக்கிறியா?" என்று கேட்டான், தரையைப் பார்த்து.

சாய்மா அடுப்பில் கட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கட்டை பற்றி எரிந்ததும் நிமிர்ந்து புகைபோக்கியைப் பார்த்தாள். கூரைப் பலகைக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். இந்த வீடும் மரச்சுவர்தான். முதல் இரண்டு வருஷம் இதுவும் உட்கார்ந்தது.

"நெஸ்தோரி, வீடு இறங்கினப்ப புகைபோக்கி இறங்குச்சா?"

"அது ஏன் இறங்கும்? அது தன் கால்ல நிக்குது. சுவரத் தொடறதே இல்ல."

சொல்லிவிட்டு அவன் அவளைப் பார்த்தான். அவள் கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள், வேறு வேலையே இல்லாதவள்போல.

"ரெண்டு தூணு," என்றான் மெதுவாக. "சுவருக்கு வெளிய, ஒரு சாண் தள்ளி. மேல ஒரு உத்தரம். தண்டவாளம் அதுல."

"ம்."

"சுவர் அதுபாட்டுக்கு உட்காரட்டும்."

"ம்."

"நீயே சொல்லியிருக்கலாமே!"

"நான் புகைபோக்கியப் பத்திதான் கேட்டேன்."

ஆனால் தூணுக்குக் குழி வேண்டும். தரை உறையும் ஆழத்துக்கும் கீழே, ஓர் ஆள் நெஞ்சளவு தோண்டிக் கல் போட்டு நிறுத்தினால்தான், குளிர் அதைத் தூக்கி வெளியே தள்ளாது. மேல்மண் அப்போதே ஒரு சாண் இறுகிவிட்டது. இன்னும் இரண்டு வாரம் போனால் வசந்தம்வரை கடப்பாரை இறங்காது. அவனுக்கு நெஞ்சு, அவளுக்குத் தோள். தோண்டுகிற ஆள் அந்த வீட்டில் இல்லை. தூணும் இல்லை.

மறுநாள் காலை சாய்மா பொந்துக்குள் பாதி உடம்போடு இருந்தபோது தாவெத்தி வந்தான். நின்று, தெரிந்த பாதியை மரியாதையாகப் பார்த்தான்.

"நல்லாயிருக்கியா, சாய்மா?"

"நீயே பாக்குறியே!"

விஷயத்தை நெஸ்தோரி சொன்னான். தாவெத்தி சிரிக்க ஆரம்பித்தான். சிரித்து முடிக்கட்டும் என்று நெஸ்தோரி காத்திருந்து, "நீதான ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்ன? உனக்குக் கண்ணு எங்க இருந்துச்சு?" என்றான்.

தாவெத்தியின் சிரிப்பு பாதியில் நின்றது. "காப்பி கொதிக்குதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்று ஒப்புக்கொண்டான்.

மத்தியானம் அவன் பனிச்சறுக்கு வண்டியில் இரண்டு தேவதாருத் தூண்களோடு திரும்பி வந்தான். மண்ணுக்குள் முப்பது வருஷம் கிடந்தாலும் உளுத்துப்போகாத மரம். தன் நிலத்தடிக் கிழங்கு அறைக்கென்று வெட்டி, இரண்டு கோடை காயவைத்திருந்தது.

"உனக்கு?" என்றாள் சாய்மா.

"கிழங்கு அறை வசந்தத்துல. மாடு இன்னைக்கு."

மூன்று நாள் தோண்டினான். நெருப்பு மூட்டி மேல்மண்ணை இளக்கி, கடப்பாரையால் குத்தி, தலையும் தோளும் மட்டும் தெரிகிறவரை இறங்கினான். நெஸ்தோரி குழியின் விளிம்பில் பெட்டிமேல் உட்கார்ந்து உத்தரத்தைச் செதுக்கினான். சாய்மா பார்லி ரொட்டியும் உப்பு மீனும் காப்பியும் கொண்டுவந்துகொண்டே இருந்தாள். காப்பி கூலி ஆகாது என்று மூன்று பேருக்கும் தெரியும். கைமாற்று வேலையில் ஒரு நாளுக்கு ஒரு நாள்தான். ஒருவன் உனக்குத் தோண்டினால் நீ அவனுக்குத் தோண்ட வேண்டும்.

நான்காம் நாள் கதவு தூண்களில் தொங்கியது. சுவருக்கும் கதவுக்கும் நடுவில் காற்று நுழையாமல் பழைய கம்பளிக் கீற்று அடித்தார்கள். அன்றிரவு ஏரி தன் பங்குக்கு இடுப்பளவு கொட்டியது.

காலையில் சாய்மா வாளிகளைக் கீழே வைத்து, இடது கையைத் தொங்கவிட்டாள். அது தானாகக் கைப்பிடிமேல் விழுந்தது. இழுத்தாள். கதவு பனியை உரசிக்கொண்டு, முணுமுணுத்துப் பக்கவாட்டில் போனது. மன்சிக்கி திரும்பிப் பார்த்தது. பின்னால் வாசற்படியில் நெஸ்தோரி நின்றுகொண்டிருந்தான், அவள் வரச்சொல்லவில்லை.

"என்ன பாக்குற, மனுஷா?"

"கதவத்தான்."

"கதவு இங்க இருக்கு. நீ வேற எங்கயோ பாக்குற."

கறந்துகொண்டே அவள் கணக்குப் போட்டாள். வசந்தத்தில் கிழங்கு அறை தோண்ட வேண்டும். தோண்ட ஒரு தோளும் இல்லை, ஒரு நெஞ்சும் இல்லை. அவள் கம்பளி பின்னலாம், தைக்கலாம், கறக்கலாம். அவன் உட்கார்ந்தபடி கதவு செய்யலாம். ஆனால் அதெல்லாம் தோண்டுவது ஆகாது. தாவெத்தி கேட்கமாட்டான் என்பது இன்னும் மோசம்.

தாவெத்திக்கு இரண்டு தேவதாருத் தூண்களும், மூன்று நாள் குழி தோண்டலும் தர வேண்டிய பாக்கி.