‘வரேன்’ என்றொரு ரூல்

ராஜாமணி வேலையை விடுகிறாள் என்று எனக்குச் சொன்னது கேன்டீன்காரர். இருபது வருஷமாக என்னோடு சிதம்பரத்திலிருந்து ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு கடலூர் சிப்காட்டுக்கு வந்தவள் அவள். வீட்டில் என்ன குழம்பு என்பது முதல் யாரோடு சண்டை என்பது வரை என்னிடம் ஒப்பித்தவள், இதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவளுக்குச் சால்வை போர்த்தி மிக்சர் கொடுத்து அனுப்பிய அன்று, நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் போர்வைகளைத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சாயக் கம்பெனியில் வெளியாட்கள் வந்துபோகும் ஏற்பாடெல்லாம் எங்கள் இருவர் பொறுப்பு. வருகிறவர் முதலில் மெயில் போட வேண்டும். நாங்கள் பதில் எழுதி, வாசல் கேட்டுக்கும் தகவல் அனுப்பினால்தான் பாஸ் கிடைக்கும். அந்த நாட்களில் காலையில் இதுதான் எங்கள் கச்சேரி. அவள் மெயிலைப் படிப்பாள், நான் பதில் அடிப்பேன். லாரிக்காரர்கள் போனிலிருந்து தமிழில் எழுதுவார்கள். ‘நாளைக்கு வரேன், டீ ரெடியா வைங்க’ என்று ஒருவர் எழுதியதை அவள் அவர் குரலிலேயே படிக்க, சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு முட்டியது. வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் அந்தக் காலைகளைப் போல எனக்கு வேறெதுவும் பிடித்ததில்லை.

பிறகு மெயில் புரோகிராமிலேயே ரூல் போடலாம் என்று மேனேஜர் சொல்லிக்கொடுத்தார். மெயிலில் ‘வருகிறேன்’, ‘வரேன்’, ‘வர்றோம்’ என்று எந்தச் சொல் இருந்தாலும் என் பெயரில் தானாகவே ஒரு பதில் போய்விடும். கேட்டுக்கும் ஒரு நகல் போகும். அதோடு எங்கள் கச்சேரி முடிந்தது. இனிமேல் நாம் வாயை எதற்கு வைத்திருக்கிறோம் என்று ராஜாமணி கேட்டாள்.

லீவு முடிந்து நான் போன அன்று என் கம்ப்யூட்டர் திறந்தபடியே இருந்தது. அதை நாங்கள் அணைப்பதில்லை. முதல் மெயில் அவளுடையது. முந்தின நாள் சாயங்காலம் அனுப்பியிருந்தாள்.

‘லோகு, முட்டி வலி தாங்கல. உங்கிட்ட முன்னாடியே சொன்னா நீ வுட மாட்ட, நானும் இருந்துடுவேன். அதான் சொல்லல. கோவப்படாத. போயிட்டு வரேன்.’

போகிறேன் என்று நம்மில் யார் சொல்கிறார்கள்? ஊரை விட்டே போனாலும் போயிட்டு வரேன்தான். அது அந்த ரூலுக்கு எப்படித் தெரியும்? வரேன் என்ற சொல்லைப் பார்த்ததும் அது தன் கடமையைச் செய்திருந்தது. என் பெயரில் போன பதில் கீழே இருந்தது.

‘வணக்கம். உங்கள் மெயில் கிடைத்தது. தாராளமாக வாங்க. கேட்டில் உங்கள் பெயரில் பாஸ் தயாராக இருக்கும். அன்புடன், லோகநாயகி.’

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இதைப் படித்து என்ன நினைத்திருப்பாள்? மன்னித்துவிட்டேன் என்றா, கிண்டல் செய்கிறேன் என்றா? இருபது வருஷச் சிநேகிதம் இந்த நாலு வரியோடு முறிந்துபோகுமோ என்று பயமாக இருந்தது. போனை எடுத்தேன். பேச வேண்டியது அவள்தான், நான் ஏன் முதலில் பேச வேண்டும் என்று வீம்பாக வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கேட்டிலிருந்து செக்யூரிட்டி சின்னையன் கூப்பிட்டார். ராஜாமணியம்மா பேரில் பாஸ் போடச் சொல்லி வந்திருக்கிறதே, நேற்றுத்தானே போனார்கள், கிழித்துவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு வந்தேன். ஆள் வருகிறதா என்று கேட்டவர்களிடம் எரிந்து விழுந்தேன். புதுச்சத்திரம் தாண்டியதும் அவள் தூங்கி என் தோளில் சாய்வாள். கனக்கிறது என்று தினமும் திட்டுவேன். இப்போது அந்தக் கனம் இல்லாமல் அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை சின்னையன் மறுபடி கூப்பிட்டார். ராஜாமணியம்மா வந்திருப்பதாகச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். கேட்டுக்கு வெளியே ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். முட்டியில் பட்டை கட்டியிருந்தது. வருகிற வழியெல்லாம் ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பதிலை நான் எழுதவில்லை என்று சொல்லிவிடுவதா, எழுதினேன் என்றே இருந்துவிடுவதா?

“ராஜி, அந்த மெயிலு...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்டி,” என்றாள். “இத்தினி வருஷத்துல நீ என்னைய வாங்கன்னு கூப்புட்டுருக்கியா? படிச்சதுமே புரிஞ்சுபோச்சு, அது மெஷின் போட்டதுன்னு.”

“அப்பறம் ஏன் வந்த?”

அவள் சின்னையன் கொடுத்த பாஸை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீ கூப்புடுவன்னு ஒரு வாரம் பாத்தேன். நீ கூப்புடல. அந்த மெஷினாவது கூப்புட்டுச்சே.”

சின்னையன் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வாடி,” என்றேன். “உள்ள வா.”